பில் குறையணும், லைன் படுக்கக் கூடாது: சென்னை அலுவலகங்களுக்கு அறிகுறிவாரியான வழிமுறை

பத்துப் பேர் முதல் நூறு பேர் வரை வேலை செய்யும் அலுவலகம், கடை, கிடங்கு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன், இணையச் செலவைக் குறைக்கச் சொன்னால் பலரும் முதலில் கை வைப்பது இரண்டாவது இணைய லைனில்தான். மாதம் முழுக்கச் சும்மா கிடக்கிற மாதிரித் தெரியும். அதைத் தொடாதீர்கள். பணம் போகிற ஓட்டைகள் வேறு: யார் கையில் இருக்கிறதென்றே தெரியாத சிம், ஊழியர் வேலையை விட்டுப் போன பிறகும் ஓடும் பிளான், முப்பது பேர் பேச வாங்கி எட்டுப் பேர் பேசும் வாய்ஸ் லைன், திரும்பக் கிடைக்க வேண்டிய வரி. அங்கே மிச்சம் பிடிக்கிற பணத்தில் ஒரு பகுதியை இரண்டாவது லைனை ஒழுங்காக வைக்கச் செலவழியுங்கள்.

எதையும் வெட்டுவதற்கு முன் ஒரு பட்டியல் வேண்டும். கடைசி மூன்று மாத பில்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எண், யார் பெயரில் இருக்கிறது, எந்தக் கருவியில் அல்லது யார் கையில் இருக்கிறது, மாத வாடகை, ஒப்பந்தம் முடியும் தேதி. நிரப்ப முடியாத வரிகளில்தான் உங்கள் முதல் மிச்சம் இருக்கும். பட்டியல் கையில் இருந்தால் கீழே உள்ள எந்த அறிகுறியில் இருந்தும் தொடங்கலாம்.

அறிகுறி: பேச்சு கூடவில்லை, பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

பில்லின் முதல் பக்கத்தில் மொத்தத் தொகைதான் இருக்கும். எண்வாரியான பக்கத்துக்குப் போங்கள். மூன்று மாதமாக அழைப்பும் டேட்டாவும் பூஜ்யமாக உள்ள எண்களை வட்டமிடுங்கள். அடுத்து, எல்லா எண்ணுக்கும் ஒரே பிளானா என்று பாருங்கள். கிடங்கு வாட்ச்மேனுக்கும் விற்பனை மேலாளருக்கும் ஒரே டேட்டா பிளான் ஓடினால் அதுவும் வீண் செலவுதான். பிறகு பில்லில் உள்ள சில்லறைச் செலவுகள்: தாமதக் கட்டணம், யாரும் கேட்காத காலர் ட்யூன், வெளிநாட்டு ரோமிங் பேக், எதற்கென்று தெரியாத ஸ்டாட்டிக் ஐ.பி. (மாறாத இணைய முகவரி) வாடகை. கேட்காமல் ஏறிய கூடுதல் சேவைகளை 155223 என்ற எண்ணுக்கு அழைத்து நிறுத்தலாம். முதல் வருடத் தள்ளுபடி முடிந்து முழு விலைக்குத் திரும்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரே மாதத்தில் வாடகை சட்டென்று ஏறியிருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

வட்டமிட்ட எண்ணை உடனே வெட்டிவிடக் கூடாது. அதற்கு முன் இன்னும் ஒரு படி இருக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு உதிரிபாகக் கடையில் பட்டியல் போட்டபோது, ஒரு சிம் மாதக்கணக்கில் ஒரு அழைப்புகூட இல்லாமல் கிடந்தது. கடைக்காரர், “அந்த நம்பர்ல யாரும் கூப்பிடறதே இல்ல தம்பி, எடுத்துடுங்க” என்றார். கணக்கு பார்க்கும் அம்மா பேரேட்டில் இருந்து தலையைத் தூக்கி, “அண்ணாச்சி, ஜி.எஸ்.டி. ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வருது. பேங்க் ஓ.டி.பி.யும் அதுக்குத்தான்” என்றார். மேஜை டிராயரில் ரப்பர் பேண்டு சுற்றிய பட்டன் போன் ஒன்று இருந்தது. அதற்குள்தான் அந்த சிம். அவர் அன்று லீவு போட்டிருந்தால் அந்த எண் போயிருக்கும்.

எனவே, பயன்படாத எண் என்று முடிவு செய்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: வங்கி, ஜி.எஸ்.டி., வருமான வரி, பி.எஃப். கணக்கு எதிலாவது இந்த எண் பதிவாகியிருக்கிறதா? லிஃப்டின் அவசரத் தொலைபேசி, திருட்டு அலாரம், ஸ்வைப்பிங் மெஷின், வண்டியின் ஜி.பி.எஸ். கருவி ஏதாவது இதில் ஓடுகிறதா? எங்குமே இல்லை என்றால் நிறுத்துங்கள். அப்போதும் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. மெயிலில் கேளுங்கள், டாக்கெட் எண் (கோரிக்கை பதிவானதற்கான எண்) வாங்குங்கள், மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், கட்டிய டெபாசிட்டைத் திருப்பிக் கேளுங்கள். அடுத்த பில் சுழற்சி தொடங்குவதற்கு முன் செய்தால் ஒரு மாத வாடகையும் மிச்சம்.

ஓ.டி.பி.க்கு மட்டும் இருக்கிற எண்ணை வெட்டாமல், பிளானை இறக்குங்கள். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் கொண்ட பேக்குகளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டு வந்தது. அடுத்த மாதமே அவை சந்தைக்கு வந்துவிட்டன. இந்த வகை பேக்குகளுக்கு 365 நாள் வரை செல்லுபடி தரலாம். வாட்ச்மேன் போன், ஓ.டி.பி. போன், கிடங்கில் சுவரில் மாட்டியிருக்கும் போன் ஆகியவற்றுக்கு இது கச்சிதம். கடைக்காரர்கள் கேட்காமல் இதைக் காட்டுவதில்லை. “டேட்டா இல்லாத பேக்” என்று சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி: 18 சதவீத வரி கட்டுகிறோம், எதுவும் திரும்பி வரவில்லை

தொலைத்தொடர்பு சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 10,000 ரூபாய் வாடகைக்கு 1,800 ரூபாய் வரி. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள நிறுவனம், தொழிலுக்குப் பயன்படுத்தும் லைனுக்கு இதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். வராமல் போகக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இல்லை. தமிழ்நாட்டுப் பதிவெண் 33 என்று தொடங்கும். பில்லின் மேல்பகுதியில் அது இருக்கிறதா, உங்களுக்குக் கிடைக்கும் வரி வரவைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் அந்தத் தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவுச் சான்றிதழை மெயிலில் அனுப்பி எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். லைன் முதலாளியின் சொந்தப் பெயரில் இருந்தால் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். சிறு வணிகர்களுக்கான எளிய வரிமுறையான காம்பொசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இந்த வரவு கிடையாது.

அறிகுறி: நெட் அடிக்கடி இழுக்கிறது, “பெரிய பிளானுக்கு மாறுங்க சார்” என்கிறார்கள்

மாறுவதற்கு முன் அரை மணி நேரம் செலவிடுங்கள். நான் பார்த்தவரை, மெதுவாக ஓடும் பல அலுவலகங்களில் பிரச்சினை வெளியே இருந்து வரும் லைனில் இல்லை. கட்டடத்துக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஒரு மடிக்கணினியைக் கேபிள் வழியாக நேராக ரவுட்டரில் செருகுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் கால்வாசிதான் வந்தால், பிளானை மாற்றி எந்தப் பயனும் இல்லை. பாரிமுனை, தி.நகர் மாதிரி நெருக்கமான கட்டடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அக்கம்பக்கத்துக் கடைகளின் வைஃபை எல்லாம் ஒன்றோடொன்று மோதும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், கல்லா கணினியையும் பிரிண்டரையும் கேபிளில் போடுங்கள், ரவுட்டரை இரும்பு பீரோவின் பின்னால் இருந்து வெளியே எடுங்கள். ரிச்சி தெருவில் ஒரு அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கூடுதல் பெட்டி) வாங்குவது ஒருமுறைச் செலவு. பெரிய பிளான் மாதாமாதச் செலவு.

கேபிளிலும் மெதுவாக இருந்தால் இரண்டு பிங் ஓடவிடுங்கள். ஒரு முகவரிக்குச் சின்னத் தகவல் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஒன்று ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1. இன்னொன்று வெளியே, 8.8.8.8-க்கு. ரவுட்டருக்குப் போகும் பிங்கிலேயே பாக்கெட் தொலைந்தால் கேபிள், ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றில் ஒன்றுதான் பழுது. ரவுட்டர் வரை சுத்தமாகப் போய் வெளியே மட்டும் தொலைந்தால் பிரச்சினை லைனில். அந்தத் திரையைப் படம் எடுத்துப் புகாருடன் இணையுங்கள். “ஸ்லோவா இருக்கு” என்று சொல்லும் புகாருக்கு வரும் பதில் வேறு, பாக்கெட் தொலைவதைக் காட்டும் படத்துக்கு வரும் பதில் வேறு.

ஃபைபர் லைன் என்றால், உள்ளே வரும் ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் உள்ளே வரும் ஒளியின் அளவு டி.பி.எம். என்ற அலகில் இருக்கும். கழித்தல் எண்ணாகத்தான் தெரியும். -15-இலிருந்து -24 வரை இருந்தால் கவலை இல்லை. -27-ஐ நெருங்கினால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பு முனையில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. மழை பெய்தால் மட்டும் விட்டு விட்டு வருகிற லைனில் இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். லைன்மேன் வந்ததும் அதைக் காட்டினால் பெட்டியை ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் கிளம்ப மாட்டார்.

தினமும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் இழுத்தால் மேலே ஏற்றும் டேட்டாவைச் சந்தேகப்படுங்கள். கேமராக்கள் கிளவுடுக்கு அனுப்புவது, கணக்கு மென்பொருளின் பேக்கப், ஊழியர்களின் போன் படங்கள் எல்லாம் பகல் நேரத்தில்தான் ஏறும். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் எட்டுக் கேமராவுக்கு 16 மெகாபிட். பேக்கப்பை இரவு பதினொன்றுக்கு மாற்றுங்கள். மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால் டேட்டா வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். “அன்லிமிடெட்” என்று விற்கும் பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3,300 ஜி.பி. என்ற வரம்பு உண்டு.

அறிகுறி: கரண்ட் போனாலோ மழை வந்தாலோ நெட்டும் போகிறது

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்துகிற நாட்கள் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். அன்று நெட் போனால் லைனைக் குறை சொல்லாதீர்கள். பல இடங்களில் கணினிகளுக்கு யூ.பி.எஸ். இருக்கும், ஓ.என்.டி.யும் ரவுட்டரும் சுவரில் உள்ள சாதாரண பிளக்கில் தொங்கும். இரண்டுமே பெரும்பாலும் 12 வோல்ட் கருவிகள். சின்ன டி.சி. யூ.பி.எஸ். ஒன்று சில மணி நேரம் இழுக்கும். ஸ்விட்சுக்கும் கொடுக்க மறக்காதீர்கள். உங்கள் பக்கம் கரண்ட் இருந்தும் நெட் இல்லை என்றால், மாடியிலோ தெருமுனையிலோ உள்ள கம்பெனியின் பெட்டிக்கு பேட்டரி இல்லை என்று அர்த்தம். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

மழைதான் பெரிய சோதனை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா மரங்களை வேரோடு சாய்த்தபோது, கம்பத்திலும் மரத்திலும் இழுத்துக் கட்டிய கேபிள்கள் அவற்றோடு விழுந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கேபிள் தப்பினாலும் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி தீர்ந்ததும் செல்போன் டவர்களும் அடங்கின. மழை இல்லாத மாதங்களில் மழைநீர் வடிகால் வேலையும் மெட்ரோ இரண்டாம் கட்டத் தோண்டலும் ஃபைபரை அறுக்கின்றன. ஒரே லைனை நம்பி இந்த ஊரில் தொழில் செய்ய முடியாது.

ஆனால் இரண்டு கம்பெனியிடம் இரண்டு ஃபைபர் வாங்கினால் இரண்டு வழி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். இரண்டும் ஒரே மின்கம்பத்தில் வந்து, ஒரே ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தால், ஒரு லாரி உரசினால் இரண்டும் போகும். ஒன்று தரைக்கு அடியிலும் ஒன்று மேலேயும் வரட்டும். அல்லது ஒன்று ஃபைபராகவும் மற்றது 5ஜி சிம் போட்ட ரவுட்டராகவும் இருக்கட்டும். சின்ன அலுவலகத்துக்கு என் தேர்வு இரண்டாவதுதான். விலை குறைவு, பாதையும் முற்றிலும் வேறு. சிம் எடுப்பதற்கு முன் உங்கள் கட்டடத்தில், ரவுட்டர் வைக்கப்போகும் அதே இடத்தில், எந்த நெட்வொர்க் நன்றாக எடுக்கிறது என்று போனில் சோதித்துவிடுங்கள்.

இரண்டையும் இணைக்க இரண்டு இணைய நுழைவு கொண்ட ரவுட்டர் வேண்டும். அதன் அமைப்பில் ஒரு இடம் முக்கியம்: லைன் உயிரோடு இருக்கிறதா என்று அது எதைப் பார்த்து முடிவு செய்கிறது? கேபிள் செருகியிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும்படி விட்டால், ஓ.என்.டி. விளக்கு எரியும் வரை “எல்லாம் சரி” என்றே நினைத்துக்கொள்ளும். வெளியே ஃபைபர் அறுந்தாலும் மாறாது. 8.8.8.8, 1.1.1.1 மாதிரி வெளி முகவரிக்கு பிங் செய்து முடிவெடுக்கும்படி வையுங்கள். பிறகு ஒரு வேலை நாளில், எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ஓ.என்.டி.யில் இருந்து ஃபைபர் முனையைக் கழற்றுங்கள். எத்தனை நொடியில் மாறுகிறது, பில்லிங் ஓடுகிறதா, ஸ்வைப்பிங் மெஷின் ஓடுகிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில், இதை ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

அறிகுறி: லீஸ்டு லைன் வாடகைதான் பில்லில் பாதி

லீஸ்டு லைனில் நீங்கள் வாங்குவது வேகத்தை மட்டும் அல்ல. ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவு, யாருடனும் பங்கு போடாத கொள்ளளவு, நிலையான ஐ.பி., பழுதானால் இத்தனை மணிக்குள் சரி செய்வோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதி ஆகியவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை. அந்த உறுதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 99.5 சதவீதம் என்றால் 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் லைன் இல்லாமல் இருக்கலாம். 99.9 என்றால் சுமார் 43 நிமிடம். உங்கள் ஒப்பந்தத்தில் எது இருக்கிறது? தாண்டிய மாதங்களில் கழிவு கேட்டீர்களா? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, கேட்காமல் அது வருவதும் இல்லை.

அலுவலகத்துக்குள் சர்வர் வைத்து வெளியில் இருந்து பலர் அதில் வேலை செய்தால், அல்லது இணையம் வழியே நாள் முழுக்கப் பேசும் கால் சென்டர் என்றால், லீஸ்டு லைனை வைத்துக்கொள்ளுங்கள். மெயில், பில்லிங், வீடியோ மீட்டிங் மட்டும்தான் என்றால் வெவ்வேறு பாதையில் வரும் இரண்டு பிராட்பேண்ட் லைன்களே போதும். மாறும்போது ஒரு சிக்கல் வரும்: வெளியில் இருந்து கேமராவோ கணக்கு மென்பொருளோ திறக்காது. ரவுட்டரில் இணையப் பக்கத்து முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்று பொருள். அந்த ஒரு லைனுக்கு மட்டும் ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்குங்கள். புதிய லைன்கள் ஒரு மாதம் நன்றாக ஓடிய பிறகே பழையதை விடுங்கள். ஒரு மாத இரட்டை வாடகை அதற்கான விலை.

அறிகுறி: வாய்ஸ் லைனுக்கு வாடகை அதிகம், பேசுவதோ கொஞ்சம்

பி.ஆர்.ஐ. (ஒரே இணைப்பில் பல அழைப்புகளைக் கொண்டு வரும் அலுவலக வாய்ஸ் லைன்) ஒன்றில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். அலுவலகத்தின் உள் இணைப்பகமான ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியின் அழைப்புப் பதிவை எடுத்து, மிகப் பரபரப்பான மணி நேரத்தில் ஒரே சமயம் எத்தனை அழைப்பு ஓடியது என்று பாருங்கள். எட்டுதான் என்றால் பன்னிரண்டு வழி கொண்ட எஸ்.ஐ.பி. டிரங்க் (இணையம் மாதிரி டேட்டா இணைப்பு வழியே வரும் வாய்ஸ் லைன்) போதும். குரலை டேட்டாவாக மாற்றும் ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்கு நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் வேண்டும். பன்னிரண்டுக்கும் சேர்த்து 1 மெகாபிட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஆனால் தாமதம் 150 மில்லிநொடிக்குள்ளும், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மொபைல் எண்ணைப் போல 044 லேண்ட்லைன் எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக இந்தியாவில் வழி இல்லை. இருபது வருடமாகப் பலகையிலும் பில் புக்கிலும் இருக்கும் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அதே கம்பெனியிடமே செம்புக் கம்பியில் இருந்து ஃபைபருக்கோ எஸ்.ஐ.பி.க்கோ அதே எண்ணோடு மாற்றித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த ஒரு எண்ணைக் குறைந்த வாடகையில் வைத்து, அழைப்பைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள்.

எஸ்.ஐ.பி.க்கு மாறிய பின் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால், அல்லது அழைப்பு எடுத்துச் சரியாக 32 நொடியில் அறுந்தால், ரவுட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற வசதியை அணையுங்கள். அழைப்பை எடுத்ததற்கான உறுதிச் செய்தி திரும்பி வராமல் அது கெடுத்துவிடும். 32 நொடி காத்திருந்து அழைப்பு தானே முடிந்துவிடும். பழைய பெட்டியில் சில எக்ஸ்டென்ஷனில் இருந்து மட்டும் மொபைலுக்குப் போகவில்லை என்றால், வெளியூர் அழைப்பைத் தடுக்கும் எஸ்.டி.டி. பூட்டைப் பாருங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனில் இருந்து மொபைலுக்கு முன்னால் 0 போட வேண்டும். 0-வில் தொடங்குவதை எல்லாம் தடுக்கும் பழைய பூட்டு, மொபைல் அழைப்பையும் சேர்த்துத் தடுக்கும்.

இரவில் யாரும் இல்லாத நேரத்தில் வெளிநாட்டு அழைப்புகள் பில்லில் இருந்தால் அது பிளான் பிரச்சினை இல்லை, பெட்டிக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். அன்றே கம்பெனியிடம் ஐ.எஸ்.டி.யை மூடச் சொல்லுங்கள். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியில் இருந்து அழைத்து உள்ளிருந்து லைன் எடுக்கும் வசதியை நிறுத்துங்கள்.

அறிகுறி: மொபைல் பில் குறைய வேண்டும், எண்கள் மாறக் கூடாது

2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. பழைய ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலை அதன் பிறகு ஒருமுறையாவது பேசினீர்களா? மற்றொரு கம்பெனியின் விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு பேசுங்கள். மாற வேண்டியே வந்தால், நிறுவனத்தின் பெயரில் உள்ள எண்களுக்கு அங்கீகாரக் கடிதம் கேட்பார்கள். பாக்கி எதுவும் இருக்கக் கூடாது, அந்த நெட்வொர்க்கில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும், சிம் மாற்றியிருந்தால் 7 நாள் கழிய வேண்டும். மாறி முடிய 5 வேலை நாள் ஆகலாம். எல்லா எண்களையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் எடுக்கிற சிக்னல் மாதவரம் கிடங்கில் எடுக்காமல் போகலாம். விற்பனை ஆட்கள் இருவரின் எண்ணை முதலில் மாற்றி, மாதம் முழுக்க அவர்கள் சுற்றுகிற இடமெல்லாம் எடுக்கிறதா என்று கேட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். உங்கள் நிறுவன எண்களுக்குள் பேச்சு இலவசம் என்று மாத வாடகை வாங்கும் பழைய குழு வசதியை நீக்குங்கள். அன்லிமிடெட் பிளானில் அதற்கு வேலையே இல்லை.

அறிகுறி: புகார் கொடுத்தும் பதில் இல்லை

ரிலேஷன்ஷிப் மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது புகார் ஆகாது. புகார் மையத்தில் பதிவு செய்து டாக்கெட் எண் வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், அல்லது கிடைத்தது திருப்தி இல்லை என்றால், 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். லேண்ட்லைன், பிராட்பேண்ட் பழுது 3 நாளைத் தாண்டினால் வாடகைக் கழிவு உண்டு. லைன் எப்போது போனது, எப்போது வந்தது என்று ரவுட்டர் பதிவில் இருந்து எடுத்து இணைத்தால் தேதியைப் பற்றிய வாக்குவாதம் வராது. லீஸ்டு லைனுக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் விதிதான் பேசும். முடியும் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற வரியைத் தேடி, பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதி வையுங்கள். அந்த நாள் தவறினால் பல ஒப்பந்தங்கள் பழைய விலையிலேயே இன்னொரு வருடம் நீண்டுவிடும்.